மூணு டன்னா, அஞ்சு டன்னா?

"கண்ணை மூடிக்கிட்டு கேரியர் வாங்குடா. ஏசியைக் கண்டுபிடிச்சவனே அவன்தானே!"

நண்பர் ஒருத்தர் சொன்னது இது. 2024 ஆகஸ்ட்ல எங்க வீட்டு ஏசி மண்டையைப் போட்டதுக்கு மறுநாள். நாங்க இருக்கறது நியூ ஜெர்சி, எடிசன் பக்கம். வெயில் காலத்துல மாயவரம் மாதிரி புழுங்கும். குளிர்காலத்துல மூக்கு உறையும். அதனால இங்க ஏசி வாங்கறதுன்னா வெறும் ஏசி இல்லை, சூடு குளிர் ரெண்டுக்கும் சேர்த்து யோசிக்கணும். ஆகற செலவுக்கு ஓடற நிலையில ஒரு பழைய கார் வாங்கிடலாம். கண்ணை மூடிக்கிட்டு வாங்க மனசு வரலை. திறந்துக்கிட்டு படிக்க ஆரம்பிச்சேன்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கொசுவத்தி. நாங்க இந்த வீட்டை வாங்கினது 2010ல. அடுத்த வருஷமே ஏசி மாத்த வேண்டி வந்தது. வந்த கான்ட்ராக்டர் (பேர் வேணாம்) வாசல்ல நின்னே வீட்டை ஒரு பார்வை பார்த்தாரு. "அஞ்சு டன் போட்டுடலாம், பெருசா இருந்தா நல்லதுதானே"ன்னாரு. நமக்கும் அதுதானே பழக்கம்? சட்டை எடுத்தாலே வளர்ற புள்ளைக்குன்னு ஒரு சைஸ் பெருசா எடுக்கற பரம்பரை. சரின்னுட்டேன்.

வீடு ஜில்லுன்னு ஆகும், அஞ்சாறு நிமிஷத்துல. உடனே மெஷின் நின்னுடும். கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப ஓடும், திரும்ப நிக்கும். குளிருது, ஆனா கசகசன்னு இருக்கு. போர்வை ஈரமா இருக்கற மாதிரி ஒரு உணர்வு. பேஸ்மென்ட்ல பூஞ்சை வாசம். ஊர்லேருந்து வந்த அம்மாவுக்கு ரெண்டாவது வாரமே இழுப்பு வந்துடுச்சு. "ஏண்டா, ஐஸ் பொட்டிக்குள்ள உக்கார்ந்து வேர்க்குதுடா எனக்கு"ன்னாங்க. நான் தெர்மோஸ்டாட்டை இன்னும் ரெண்டு டிகிரி குறைச்சேன். அது இன்னும் தப்புன்னு அப்ப தெரியாது. அதுக்கப்புறம் அம்மா வெயில் காலத்துல இங்க வர்றதையே நிறுத்திட்டாங்க. தங்கமணி இதை வருஷத்துக்கு நாலு தடவையாவது ஞாபகப்படுத்துவாங்க.

இப்ப கேரியர் கதைக்கு வருவோம்.

வில்லிஸ் கேரியர் 1901ல கார்னெல்ல படிப்பு முடிச்சு, பஃபலோ ஃபோர்ஜ்னு ஒரு கம்பெனியில வாரம் பத்து டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தாரு. அடுத்த வருஷம் அவருக்கு வந்த வேலை, மனுஷங்களைக் குளிர வைக்கற வேலையே இல்லை. நியூயார்க், ப்ரூக்ளின்ல சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ்னு ஒரு அச்சகம். கலர் கலரா அச்சடிக்கறவங்க. அப்பல்லாம் ஒவ்வொரு கலரையும் தனித்தனியாத்தான் ஓட்டணும். முதல்ல மஞ்சள், அது காய்ஞ்சதும் சிவப்பு, இப்படி. ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல காத்துல ஈரம் கூடினா காகிதம் ஊதிடும், குறைஞ்சா சுருங்கிடும். மயிரிழை தள்ளிப் போனாலும் உதட்டுச் சிவப்பு மூக்குமேல போய் உக்காரும். (ஊர்ல பழைய வாரப்பத்திரிகை அட்டைங்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும் :))

ஆக, அவங்க கேட்டது குளிர்ச்சி இல்லை. ஈரப்பதம் ஒரே அளவுல நிக்கணும், அவ்ளோதான். கேரியர் காத்துல எவ்வளவு ஈரம் இருக்கு, எவ்வளவை எடுக்கணும்னு கணக்குப் போட்டாரு. 55 சதவீதம்னு இலக்கு வெச்சு, குளிர்ந்த தண்ணி ஓடற குழாய்கள் மேல காத்தை அடிச்சாரு. ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த சொம்புக்கு வெளியில வேர்க்குது பாருங்க, அதே சமாச்சாரம்தான். காத்துல இருக்கற ஈரம் குழாய்மேல தண்ணியா படியும், காஞ்ச காத்து அந்தப் பக்கம் போகும். அந்த வரைபடத்துல இருக்கற தேதி 1902 ஜூலை 17. ஏசி பிறந்த நாள்னு இதைத்தான் கொண்டாடறாங்க.

அந்த ஏற்பாட்டோட குளிர்ச்சித் திறனை அப்ப எப்படி சொன்னாங்க தெரியுமா? ஒரு நாளைக்கு 1,08,000 பவுண்டு ஐஸ் உருகினா எவ்வளவு குளிர்ச்சியோ, அவ்வளவு. நாம "ஒன்றரை டன் ஏசி, ரெண்டு டன் ஏசி"ங்கறோமே, அந்த டன் இதுதான். மெஷினோட எடை இல்லை. ஒரு அமெரிக்க டன், அதாவது 2000 பவுண்டு ஐஸ், 24 மணி நேரத்துல உருகறப்ப எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அது ஒரு டன். மணிக்கு 12,000 பிடியூ. கேரியரோட முதல் ஏற்பாடு அந்தக் கணக்குல 54 டன்.

மெஷின் வர்றதுக்கு முன்னாடி குளிர்ச்சின்னாலே ஐஸ்தானே. மாசசூசெட்ஸ் ஏரிங்கள்ல வெட்டின ஐஸை மரத்தூள்ல பொதிஞ்சு கப்பல் கப்பலா அனுப்பி காசு பார்த்தவர் ஃப்ரெடெரிக் ட்யூடர். 1833ல கல்கத்தாவுக்கு அனுப்பினாரு. அப்புறம் மெட்ராஸுக்கும். கடற்கரையில நிக்குதே ஐஸ் ஹவுஸ், இன்னிக்கு விவேகானந்தர் இல்லம், அது அந்த ஐஸைப் போட்டு வைக்க 1840கள்ல கட்டினதுதான். அந்தப் பக்கம் பஸ்ல எத்தனை தடவை போயிருப்பேன், ஏசி டன்னுக்கும் அதுக்கும் ஒரு ஒட்டு இருக்குன்னு இப்பத்தான் உறைக்குது.

சரி, திரும்ப கேரியர். அந்த 1902 கடைசியில பிட்ஸ்பர்க் ரயில்வே ப்ளாட்ஃபாரத்துல ரயிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தாரு. ஒரே பனிமூட்டம். நாமளா இருந்தா ரயில் லேட்டுன்னு புலம்பியிருப்போம். இவரு, பனிமூட்டம்னா ஈரம் நிரம்பி வழியற காத்து, அந்த வெப்பநிலையில அதுக்கு மேல ஈரம் தாங்காது. அப்ப அந்த வெப்பநிலையை நாம கையில பிடிச்சா காத்துல எவ்வளவு ஈரம் இருக்கணும்னு நாமளே தீர்மானிக்கலாமேன்னு யோசிச்சிருக்காரு. அதுலேருந்து, குளிர்ந்த தண்ணியைத் தூவியே காத்தைக் காய வைக்கற ஒரு கருவி. தண்ணி ஊத்தி ஈரத்தைப் போக்கறது! 1906ல காப்புரிமை கிடைச்சது. தலைப்பு "காத்தைப் பதப்படுத்தும் கருவி"ங்கற அர்த்தத்துல. "ஏர் கண்டிஷனிங்"ங்கற பேரு அவரு வெச்சதில்லை. அதே 1906ல வட கரோலினாவுல ஸ்டூவர்ட் க்ரேமர்னு ஒரு நூல் மில் இன்ஜினியர் வெச்ச பேரு. அவரோட பிரச்சினை நேர் எதிர்: நூல் அறுந்து போகாம இருக்க காத்துல ஈரம் ஏத்தணும்.

1911ல ஈரப்பதம், வெப்பநிலை இதுக்கெல்லாம் கேரியர் சூத்திரங்கள் போட்டு அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துல வாசிச்சாரு. என்னைக் கேட்டா அவரோட பெரிய சாதனை மெஷினை விட அந்தக் கணக்குதான். 1915ல ஏழு இன்ஜினியருங்க சேர்ந்து 32,600 டாலர் போட்டு சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. கொஞ்ச வருஷத்துல தொழிற்சாலை எங்க வெச்சாங்கன்னு நினைக்கறீங்க? நெவர்க்ல. எங்க வீட்லேருந்து அரை மணி நேரம். ஏர்போர்ட்டுக்கு ஆளுங்களைக் கூட்டிட்டு வர போற ஊரு, இத்தனை வருஷமா தெரியாது!

1925ல நியூயார்க் ரிவோலி தியேட்டர்ல போட்டாங்க. பாரமவுன்ட் முதலாளி அடால்ஃப் ஸூக்கர் மாடியில உக்கார்ந்து கவனிச்சாராம். பழக்க தோஷத்துல விசிறியோட வந்த ஜனம், கொஞ்சம் கொஞ்சமா விசிறியைக் கீழ வெச்சுட்டாங்க. அதுக்கப்புறம் குளிர்சாதன வசதியே படத்தைவிட பெரிய விளம்பரமா ஆனது நமக்கும் தெரிஞ்ச கதைதான். 1937ல கம்பெனி சிரக்யூஸுக்குப் போயிடுச்சு. கேரியர் 1950ல காலமானாரு.

இங்கதான் நண்பர் சொன்ன வாதம் ஆட்டம் காணுது. கண்டுபிடிச்சவர் போயிட்டாரு, பேரு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. 1979ல யுனைடெட் டெக்னாலஜிஸ்னு ஒரு பெரிய கம்பெனி கேரியரை முழுங்கிச்சு. 1980ல சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துல 'கேரியர் டோம்'னு பிரம்மாண்ட ஸ்டேடியம் திறந்தாங்க. அப்ப உள்ள ஏசி கிடையாது! நிஜமா. 2003ல சிரக்யூஸ்ல உற்பத்தியையே நிறுத்தப் போறதா அறிவிச்சாங்க, ஆயிரத்துக்கு மேல வேலை போச்சு. ஸ்டேடியத்துல மட்டும் 2022 வரைக்கும் பேரு இருந்தது. 2020ல கேரியர் திரும்பத் தனிக் கம்பெனி ஆச்சு.

மத்த பிராண்டுகளும் இப்படித்தான். லெனாக்ஸ் 1895ல ஐயோவாவுல இரும்பு ஃபர்னஸ் செஞ்சு ஆரம்பிச்சவங்க, அதாவது சூடு போட வந்தவங்க. குட்மேனை 2012ல ஜப்பான் டைக்கின் வாங்கிடுச்சு. ரீம் 1988லேருந்து ஜப்பான் பலோமா கையில. ட்ரேனும் அமெரிக்கன் ஸ்டாண்டர்டும் ஒரே கூரை. பிரையன்ட்னு ஒரு பேரு, முன்னாடி க்ளீவ்லாண்ட் கம்பெனி, 1955லேருந்து கேரியரோட பங்காளி. உள்ள இருக்கறது பெரும்பாலும் அதே சரக்கு, மேல ஒட்டற ஸ்டிக்கர் வேற, விலையும் வேற.

இனி சூட்டுக்கு வருவோம். குளிர்காலம்தானே இங்க பர்ஸைப் பதம் பார்க்கறது. ஏசி வீட்டுக்குள்ள இருக்கற வெப்பத்தை எடுத்து வெளியில கொட்டுது. அதையே திருப்பிப் போட்டா வெளியில இருக்கற வெப்பத்தை எடுத்து உள்ள கொட்டும், வெளியில நடுக்கற குளிரா இருந்தாலும். இதுதான் ஹீட் பம்ப். கெல்வின் பிரபு 1852லயே இப்படிச் செய்யலாம்னு எழுதிட்டாரு. ஜூரிக் நகர மன்றக் கட்டடத்தை 1938லேருந்து ஆத்துத் தண்ணியில இருக்கற வெப்பத்தை எடுத்தே சூடாக்கினாங்க. மின்சாரத்தை எரிச்சு சூடு உண்டாக்காம, இருக்கற சூட்டை இடம் மாத்தறதால ஒரு பங்கு மின்சாரத்துக்கு ரெண்டு மூணு பங்கு சூடு கிடைக்கும்.

பின்ன ஏன் இங்க ரொம்ப நாள் யாரும் சீந்தலை? வெளியில குளிர் ஏற ஏற மெஷினோட சக்தி குறையும். நமக்குச் சூடு அதிகமா வேணுங்கற நாள்லதான் அது கம்மியா குடுக்கும். உடனே உள்ள இருக்கற கம்பி ஹீட்டர் ஓடும், மின்சார பில் எகிறும். பழைய கம்ப்ரசருக்கு ஓடு, நில்லுன்னு ரெண்டே நிலைதான். இதை மாத்தினது ஜப்பான்காரங்க. 1981ல தோஷிபா வீட்டு ஏசியில இன்வெர்டர் போட்டாங்க. கம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைக்கலாம். குளிர் ஏறினா வேகமா ஓடும், மிதமா இருந்தா மெதுவா விடாம ஓடும். வெயில் காலத்துலயும் அப்படி மெதுவா நீளமா ஓடினாத்தான் ஈரம் வடியும்.

அந்த தோஷிபா ஏசி பிரிவு 1999ல கேரியரோட கூட்டு சேர்ந்து, 2022ல கிட்டத்தட்ட முழுசாவே கேரியர் கைக்கு வந்துடுச்சு. ஆக நண்பர் வேற ஒரு காரணத்துக்காகச் சரியாத்தான் சொல்லியிருக்காரு :)

இவ்வளவு படிச்சப்புறம்தான் எங்க அஞ்சு டன்னோட வியாதி புரிஞ்சது. குளிர்ந்த காயில் மேல ஈரம் படிஞ்சு, சொட்டி, குழாய் வழியா வெளியில போகறதுக்கு மெஷின் நேரம் எடுத்து ஓடணும். அஞ்சு நிமிஷத்துல நின்னா படிஞ்ச தண்ணி அங்கயே தங்கி திரும்பக் காத்துல கலந்துடும். 1902ல ப்ரூக்ளின் அச்சகத்துல காகிதம் எப்படி ஊதிச்சோ, அதே ஈரம்தான் எங்க வீட்ல. அதைத் தீர்க்கப் பொறந்த மெஷினை, அதோட கணக்கைத் தூக்கிப் போட்டுட்டு வாங்கி, அம்மாவுக்கு இழுப்பு வர வெச்சிருக்கேன்.

மூணு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். முதல் ஆள் கேரியர் டீலர், பழைய மெஷின்ல இருந்த ஸ்டிக்கரைப் பார்த்துட்டு அதே அஞ்சு டன்னுன்னாரு. ரெண்டாவது ஆள் வீட்டோட சதுர அடியைக் கேட்டு மனசுலயே வகுத்து நாலுன்னாரு. மூணாவதா வந்தவர் வயசானவர். மூணு மணி நேரம் இருந்தாரு. ஜன்னல் ஒவ்வொண்ணையும் அளந்தாரு. எந்தப் பக்கம் வெயில், பரண்ல பஞ்சு எவ்வளவு கனம், டக்ட்ல எங்க ஒழுகுதுன்னு ஏணி போட்டுப் பார்த்தாரு. மேனுவல் ஜேன்னு ஒரு கணக்கு முறை இருக்கு இங்க, எந்த வீட்டுக்கு எத்தனை பிடியூன்னு போடறதுக்கு. அதுல போட்டு எடுத்துக் காட்டினாரு: மூணு டன், இன்வெர்டர் ஹீட் பம்ப். இருக்கற கேஸ் ஃபர்னஸுக்கு இன்னும் ஆயுசு இருக்கு, கடுங்குளிர் நாட்களுக்கு அது இருக்கட்டும், டக்ட் ஒழுகலை அடைக்கறதுக்கு அந்தக் காசைச் செலவு பண்ணுன்னாரு. அவரு விக்கறது பிரையன்ட்.

தங்கமணிக்கு சந்தேகம். "இவ்ளோ படிச்சுட்டு கடைசியில கேள்விப்படாத கம்பெனியா? அதுவும் சின்னதா?" 1955லேருந்து ஆரம்பிச்சு விளக்கினேன். பாதியில எழுந்து போயிட்டாங்க.

அக்டோபர்ல மாட்டினாங்க. குளிர்காலத்துல ஃபர்னஸ் எரிஞ்ச நாட்கள் கம்மிதான், ஆனா ஜனவரியில ஒரு வாரம் விடாம எரிஞ்சது, அதையும் சொல்லிடணும். ஃப்ரிட்ஜ் மேல இருபது டாலர் ஈரப்பத மீட்டர் ஒண்ணு வெச்சிருக்கேன், போகும்போது வரும்போது அதைப் பார்க்கறதே வேலையாப் போச்சு. 2025 ஜூலையில அம்மா வந்தாங்க, பதினோரு வருஷத்துக்கப்புறம் ஒரு வெயில் காலத்துல. வெளியில கொதிக்குது, மீட்டர்ல 49. கூடத்து சோஃபாவுல கொஞ்ச நேரம் உக்கார்ந்து பார்த்துட்டு கேட்டாங்க:

"ஏண்டா, கரண்ட் போயிடுச்சா? மெஷின் சத்தத்தையே காணோம்."