முறுக்கிய கம்பியின் வரலாறு

கணினியையும் கணினியையும் இணைக்கும் வலையமைப்பு வடத்தை இன்று ஒரு மாணவன் தன் வீட்டு மேசையிலேயே செய்துவிடலாம். அச்சிறு வடத்தினுள்ளே நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் முறுக்குண்டு கிடக்கிறது. அவ்வனுபவத்தை அறியாதவன் செய்யும் வடம், பார்வைக்குச் செவ்வையாயிருந்தும் பயன்படாது போவதுண்டு.

இலங்கையில் முதல் தந்திப் பாதை 1858ஆம் ஆண்டில் கொழும்பையும் காலியையும் இணைத்தது. பின்னர்க் கோப்பியும், அதனையடுத்துத் தேயிலையும் மலைநாட்டிற்கு வழி திறந்தன. 1885இல் இருப்புப்பாதை தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை அடைந்தது. தேயிலையின் விலையும் கப்பலின் வரவும் துரைமார்க்குத் தந்தியிலே வந்தன. லயங்களில் வாழ்ந்த தொழிலாளர்க்கோ, தந்தி என்றால் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வரும் இழவுச் செய்தியே. கம்பி அவர்கள் தலைக்கு மேலே சென்றது. அதன் முனை அவர்கள் கைக்கு எட்டவில்லை.

1876இல் அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசியைக் கண்டார். அந்நாளில் ஒரு கம்பியே போதும், மறுவழியைப் பூமியே தரும் என்றிருந்தனர். ஆனால் அருகிற் சென்ற தந்திக் கம்பிகளின் இரைச்சல் பேச்சிற் கலந்தது. இதற்குப் பரிகாரமாக, இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிச் செலுத்தும் முறைக்குப் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார். மழைக்காற்றில் மலைச்சரிவிலே செல்லும் இருவர், மாறி மாறிக் காற்று வீசும் பக்கம் நடந்தால் இருவரும் ஒரே அளவாக நனைவர். முறுக்கிய கம்பிகளும் அவ்வாறே புற இரைச்சலைச் சம அளவில் ஏற்கின்றன. பெறும் முனை அவ்விரண்டிற்குமுள்ள வேறுபாட்டை மட்டுமே நோக்குவதால், சமமான இரைச்சல் கழிந்துவிடுகிறது, செய்தி எஞ்சுகிறது.

கருவிகளைத் தாமே அமைத்துக்கொள்ளும் மரபும் இந்நாட்டிற்குப் புதிதன்று. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பாகங்களைக்கொண்டு 1923இல் கொழும்பிலே பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார் என்பர். 1925 டிசம்பரில் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கிற்று. பின்னாளில் தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றதும் அவ்வாண்டிலேதான்.

1973இல் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் றொபர்ட் மெற்காவ் ஈதர்நெற் என்னும் வலையமைப்பை வகுத்தார். முதலில் அதற்குத் தடித்த வடம் வேண்டியிருந்தது. 1990இல் உருவான நியமம், தொலைபேசிக்குப் பயன்பட்ட முறுக்கிய கம்பியிலேயே அதனை இயங்கச் செய்தது. அவ்வாண்டிலேயே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக்கொண்டு இலங்கைக் கல்விமான்களிடையே மின்னஞ்சல் பழக்கத்துக்கு வந்தது. 1995இல் வணிக இணையச் சேவையும் தொடங்கிற்று.

இனி, வடம் செய்யும் முறையைக் காண்போம். மேலுறையைச் சிறிது நீக்கினால் எட்டுக் கம்பிகள், நான்கு சோடிகளாகத் தோன்றும். அவற்றின் முறுக்கை அரை அங்குலத்திற்கு மேல் அவிழ்த்தலாகாது. முனையின் பூட்டுநாக்கு மறுபுறமும் வடம் கீழ்ப்புறமும் இருக்கப் பிடித்து, இடமிருந்து வலமாக வெள்ளை கலந்த செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை கலந்த பச்சை, நீலம், வெள்ளை கலந்த நீலம், பச்சை, வெள்ளை கலந்த கபிலம், கபிலம் என அடுக்குதல் பெருவழக்கு. பின்னர்க் கம்பிகளைச் சமமாக வெட்டி, முனைக்குள் இறுதிவரை செலுத்தி, கிரிம்பர் என்னும் குறட்டினால் நெரித்தல் வேண்டும். மற்ற முனையும் இவ்வாறே.

பச்சைச் சோடி மட்டும் நீலச் சோடியின் இருபுறமும் பிரிந்து நிற்பதேன்? நடுவிலுள்ள இரண்டும் பழைய தொலைபேசிச் சோடிக்குரிய இடங்கள். அம்மூத்த கம்பிக்கு இடம்விட்டே ஏனையவை அமைந்தன. இதனை அறியாத ஒருவர், சோடிகளை வரிசையாக அடுக்கி, இரு முனைகளையும் ஒன்றுபோலவே செய்துவிடக்கூடும். சோதனைக் கருவியின் விளக்குகள் யாவும் ஒழுங்காக எரியும். எனினும் மூன்றாம் இடத்துக் கம்பியும் ஆறாம் இடத்துக் கம்பியும் ஒரே முறுக்கைச் சேர்ந்தவையல்ல ஆதலின், இரைச்சல் கழியாது. நீண்ட வடமாயின் செய்தி சிதையும். மின் ஓடுவது வேறு, செய்தி சேர்வது வேறு என்னும் பாடம் இதுவே.

இரு சாதனங்களுக்கிடையே செல்லும் தூரம் நூறு மீற்றருக்கு மேற்படலாகாது. இடிமின்னல் மிகுந்த மலைநாட்டிலே, ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றிற்குத் திறந்த வெளியிற் செப்புக் கம்பி இழுத்தல் ஆபத்தானது. அங்கே ஒளியிழையோ கம்பியில்லா இணைப்போ தகும்.

பூட்டுநாக்கு ஒன்று முறிந்ததனால், தோட்டப் பாடசாலையொன்றின் கணினி, தொலைவிலிருந்து திருத்துநர் வரும்வரை உறைமூடிக் கிடக்க நேரலாம். அதற்கு வேண்டிய முனையோ சிறு விலைப் பொருள். குறடும், நிறங்களின் ஒழுங்கும், முறுக்கின் காரணமும் அறிந்த மாணவர் ஒருவர் அங்கிருந்தால் அக்கணினி அன்றைக்கே பேசும். தந்திக் கம்பியை அண்ணாந்து மட்டுமே பார்த்த தலைமுறையின் வழிவந்தவர்க்கு, கம்பியின் முனையைத் தம் கையாலேயே அமைக்கும் இவ்வறிவு சிறிய பேறன்று.