சன்ஸ்கிரீன் டியூப்பில் 30, 50 என்று போட்டிருக்கே... அது என்ன கணக்கு?

கத்திரி வெயில் வந்துட்டா மெடிக்கல் ஷாப்பில் சன்ஸ்கிரீன் கேட்டு வருகிறவர்கள் கூடி விடுவார்கள். கடைக்காரர் 15, 30, 50 என்று மூணு டியூப்பை எடுத்து வைப்பார். எதை வாங்குவது என்று தெரியாமல், பெரிய நம்பரைக் காட்டி 'இதையே குடுங்க' என்பவர்கள்தான் அதிகம்.

அந்த நம்பருக்குப் பெயர் எஸ்.பி.எஃப். ஆட்களின் முதுகில் கிரீமைப் பூசி, புற ஊதாக்கதிர் விளக்கைக் காட்டி, மறுநாள் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் இதைப் போடுகிறார்கள். வெறும் தோல் சிவக்க ஒரு பங்கு கதிர் போதும், கிரீம் பூசிய தோல் சிவக்க 30 பங்கு வேண்டும் என்றால் அந்த கிரீம் 30.

'10 நிமிஷத்துல சிவக்குற தோல், 30 போட்டா 300 நிமிஷம் தாங்கும்' என்று சிலர் கணக்கு சொல்வார்கள். அது தப்பு. காலை 8 மணி வெயிலும் மதியம் 12 மணி வெயிலும் ஒண்ணா? போதாததற்கு வேர்வை வேறு வழித்துக்கொண்டு போய்விடும்.

15 போட்ட கிரீம் தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் 93 சதவீதத்தைத் தடுக்கும். 30 என்றால் 97. 50 என்றால் 98. அதாவது 30-ல் 3 சதவீதம் உள்ளே போகிறது, 50-ல் 2 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இதெல்லாம் சோதனையில் பூசுகிற அளவுக்குப் பூசினால்தான். ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகப் பிதுக்கி எடுக்க வேண்டும். நம்ம ஆட்கள் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்து விடுகிறார்கள். அப்படிப் பூசினால் டியூப்பில் இருக்கிற 50, தோலில் 50 ஆக இருக்காது. சரியான அளவில் தினம் இரண்டு வேளை பூசினால் 50 கிராம் டியூப் மூணு வாரத்தில் காலி. அதே டியூப் மூணு மாசம் வருதுன்னா, பூசுவது போதவில்லை என்று அர்த்தம்.

பக்கத்தில் 'பி.ஏ.' என்று போட்டு பிளஸ் குறிகள் இருக்கும். இது ஜப்பானில் இருந்து வந்த முறை. தோலைக் கருக்க வைத்து, மங்கைக் கூட்டுகிற இன்னொரு வகைக் கதிரைத் தடுப்பதற்கான அளவு இது. நாலு பிளஸ் இருந்தால் உசத்தி. அந்தக் கதிர் கண்ணாடி வழியாகவும் வரும் என்பதால் பஸ் ஜன்னலோரம் உட்கார்கிறவர்களும் டிரைவர்களும் இந்தக் குறியைப் பார்த்து வாங்குவது நல்லது. கறுப்புத் தோலுக்கு இயற்கையாகவே கொஞ்சம் பாதுகாப்பு உண்டு, ஆனால் மங்கு நம்ம ஊர்க்காரர்களை விடுவதில்லை. இதைப் பூசினால் சிவப்பழகு வரும் என்று நினைத்து வாங்காதீர்கள், அது வேற விஷயம்.

வெளியே கிளம்புவதற்கு கால் மணி நேரம் முன்னாடி பூச வேண்டும். வெயிலில் நின்றால் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும் பூச வேண்டும். சித்தாள் வேலை, தள்ளுவண்டி வியாபாரம் என்று நாள் பூரா வெயிலில் கிடப்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. அவர்களுக்கு முழுக்கை சட்டை, தலையில் துண்டு, குடை இருந்தாலே நல்ல பாதுகாப்பு. ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு கிரீமே வேண்டாம், நிழலில் வைத்துக்கொண்டால் போதும்.

வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள். டியூப்பை பைக் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும்.