லெடெபூரியாவின் பூர்வீகம்



பழைய மாணவி ஒருவர் ஒரு தொட்டிச் செடியின் படம் அனுப்பியிருந்தார். வெள்ளி பூசியது போன்ற இலை, அதில் கரும்பச்சைப் புள்ளிகள், மண்ணுக்கு மேலே தெரியும் ஊதா நிறக் குமிழ்கள். பெயர் லெடெபூரியா. தென்னாப்பிரிக்காவின் அரிய செடி என்று நல்ல விலை கொடுத்து வாங்கினாராம். "நம்ம ஊர் வெயிலுக்கு வருமா சார்?" என்று கேள்வி.

தாராளமாக வரும். ஏனென்றால் லெடெபூரியா என்ற பெயரே முதலில் நம் நாட்டுச் செடி ஒன்றுக்கு வைத்ததுதான்.

பெஞ்சமின் ஹெய்ன் என்று ஒரு ஜெர்மானியர். மொரேவியன் சபை ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் வைத்தியரானார். 1793-ல் ராக்ஸ்பர்க் கல்கத்தா தோட்டத்துக்கு மாறிப் போனதும், ஆந்திரத்துச் சாமல்கோட்டையில் அவர் பார்த்த தாவரவியல் வேலை இவருக்கு வந்தது. பெங்களூர் லால்பாக்கும் சில காலம் இவர் பொறுப்பில் இருந்தது. தென்னிந்தியாவில் சேர்த்த செடிகளை உலர்த்தி, பிரெமன் நகரத்துப் பக்கம் வைத்தியம் பார்த்துவந்த ஆல்பிரெக்ட் ரோத்திடம் கொடுத்தார். ரோத் அவற்றை ஆராய்ந்து 1821-ல் நூலாக வெளியிட்டார். அதில்தான் லெடெபூரியா என்ற புதுப் பேரினம் பிறந்தது. ஹெய்ன் அதைப் பார்க்கவில்லை. 1819-லேயே சென்னையில் காலமாகிவிட்டார். ஆனால் பெயர் அவருடையது அல்ல. அல்தாய் மலைச் செடிகளை ஆராய்ந்த லெடெபூர் என்ற பேராசிரியருடையது. வெயிலில் அலைந்தவர் ஒருவர், பெயர் போனது இன்னொருவருக்கு. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பின்னால் வந்தவர்கள் இந்தப் பேரினமே வேண்டாம் என்று சில்லா என்பதற்குள் சேர்த்துவிட்டார்கள். 1970-ல் ஜெசாப் என்ற அறிஞர்தான் லெடெபூரியாவை மீட்டார். மாணவியின் தொட்டியில் உள்ள வெள்ளி இலைச் செடியும் அப்போதுதான் இந்தப் பெயருக்குள் வந்தது.

நம் பக்கத்துக் கரடுகளில், கோடை மழைக்குப் பிறகு, ஊதாப் புள்ளி போட்ட இலையோடு தரையை ஒட்டிக் கிடக்குமே, அதுதான் ரோத் பெயரிட்ட செடி. இலை நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் குட்டிக் குமிழ் வைக்கும். இதன் பெரிய உறவு நரி வெங்காயம். அது முதலில் பூந்தண்டை மட்டும் நீட்டும், இலை பிறகுதான். இரண்டுக்குமே 'சில்லா இண்டிகா' என்று வெவ்வேறு ஆசிரியர்கள் பெயர் வைத்ததால் புத்தகங்களில் பெருங்குழப்பம். மருந்துச் சரக்குக் கடையிலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக விற்றார்கள். நரி வெங்காயம் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. வெங்காயம் என்ற பெயரை நம்பி யாரும் வாயில் வைத்துவிடாதீர்கள்.

கரடுகள் பிளாட்டாகின்றன, கல் குவாரியாகின்றன. அங்கே போய்க் குமிழைத் தோண்டி எடுத்து வராதீர்கள், மிச்சமிருப்பதும் போய்விடும். காய் வெடிக்கும் சமயத்தில் நாலைந்து விதை எடுத்தால் போதும். நரி வெங்காய விதை கறுப்பாக, காகிதம் போல் தட்டையாக இருக்கும். லெடெபூரியாவுடையது சிறு உருண்டை. இரண்டையும் ஆற வைக்காமல் விதைக்க வேண்டும், வைத்திருந்தால் முளைப்புத் திறன் குறைந்துவிடும். செம்மண்ணோடு ஆற்று மணல் சரிபாதி, மேலே மெல்லிய மணல் தூவல், பூவாளித் தண்ணீர், அரை நிழல். சில வாரங்களில் புல் போல ஒற்றை இலை வரும். களை என்று வேலைக்கு வருகிற அம்மா பிடுங்கிவிடாமல் சொல்லி வையுங்கள்! இலை காய்ந்ததும் செத்துப் போனதாக நினைத்துத் தொட்டியைக் கவிழ்க்க வேண்டாம். குமிழ் உள்ளே தூங்குகிறது. அப்போது தண்ணீர் ஊற்றினால்தான் அழுகும். பூப்பதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகலாம்.

என் மாடித் தொட்டியில் ஒரு தண்டு காய் பிடித்திருக்கிறது. வேண்டுவோர் முகவரியை இன்பாக்ஸில் அனுப்புங்கள், தபால் உறையில் போட்டு அனுப்புகிறேன். ஆளுக்கு ஐந்து விதைதான் தேறும்.