நடுக்கமும் மனச்சோர்வும்



பல ஆண்டுகள் கொழுந்து பறித்த கை, சும்மா இருக்கும்போது நடுங்குகிறது. நடை தளர்கிறது. முகத்தில் சிரிப்பில்லை; பேச்சும் குறைகிறது. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று நாம் விட்டுவிடுகிறோம். இந்நோயின் வரலாறோ, அப்படி விடலாகாது என்கிறது.

1817ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரின் நிலையை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். நோயாளியின் புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்பது அவர் கருத்து. அவர் பெயரே நோய்க்குப் பெயராயிற்று. ஆயினும் நெடுங்காலம் மருத்துவம் நடுக்கத்தைக் கண்ட அளவுக்கு மனத்தைக் காணவில்லை.

அந்தக் கண்ணைத் திறந்தவற்றுள் ஒன்று, இந்திய மூலிகையான சர்ப்பகந்தி. அது இரத்த அழுத்தத்தைத் தணிப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் எழுதினார். 1952இல் அதன் வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்து பிரிக்கப்பட்டது. அதை உண்டவர்களில் சிலருக்குக் கைகால் விறைத்து நடுக்கம் கண்டது. சிலருக்கு மனச்சோர்வு வந்தது.

ஏன்? மூளையில் செய்தி கொண்டு செல்லும் டோபமின் முதலிய பொருள்களை அம்மருந்து குறைத்துவிடுகிறது. ரெசர்பினால் அசையாமல் கிடந்த முயல்கள் லெவோடோபா கொடுத்ததும் எழுந்து நடமாடியதை 1957இல் சுவீடன் அறிஞர் அர்விட் கார்ல்சன் காட்டினார். அந்த லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937இலேயே பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். 1967இல் அமெரிக்காவில் கோட்சியஸ் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டார்.

உடல் அசைந்தது, ஆனால் எல்லோருக்கும் மனம் தெளியவில்லை. பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு மனச்சோர்வு உண்டென்றும், சிலருக்கு நடுக்கத்திற்கு முன்பே அது வருமென்றும் இன்று தெரியும். அது சோம்பலன்று, செய்வினையுமன்று. மூளையின் மாற்றமும் அதற்குக் காரணம். மனச்சோர்வுக்குரிய மாத்திரை, பேச்சுவழிச் சிகிச்சை, உடற்பயிற்சி ஆகியவை உதவும்.

ஆகவே, பெரியவர் உறக்கமும் பசியும் இழந்து, எதிலும் நாட்டமின்றி இருந்தால், திரிங்காப்பிலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். "செத்தால் தேவலை" என்றால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. உண்ணும் மாத்திரைகளையெல்லாம் மருத்துவரிடம் காட்டுவோம்; நாமாக நிறுத்தவும் வேண்டாம், பூனைக்காலியை அரைத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

நம்மை ஆளாக்கிய கை நடுங்கும்போது, அதனோடு நடுங்கும் மனத்தையும் நாம் தாங்குவோம்.