யாருடைய கெடு? மிட்ச் சூறாவளியும் மறுநிர்மாண உதவியும்

மறுநிர்மாணம் என்ற சொல்லில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. இடிந்ததை எழுப்புவது என்று மட்டும் அது சொல்கிறது. இடிவதற்கு முன்னால் அது எப்படி நின்றது என்பதை மறைத்துவிடுகிறது. 1998 அக்டோபர் கடைசியில் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸ் கரையோரம் கிட்டத்தட்ட நகராமல் நின்று மழையைக் கொட்டியது. மத்திய அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். நிகராகுவாவில் காசிட்டா எரிமலைச் சரிவு சேறாக இறங்கி, போசோல்டேகா வட்டாரக் கிராமங்களை மூடியது. அங்கே மட்டும் ஏறத்தாழ 2000 பேர். இயற்கையின் கொலை என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் சமவெளியின் நல்ல மண்ணெல்லாம் வாழைக்கும் பருத்திக்கும் மாட்டுக்கும் போன பிறகு சனங்கள் சரிவில் ஏறினார்களே, அதுவும் இயற்கையா?

1999 மே மாதம் ஸ்டாக்ஹோமில் கூடிய கொடையாளர் நாடுகளுக்கு இது தெரியாததல்ல. கூட்டத்தின் பெயரிலேயே 'மறுநிர்மாணமும் உருமாற்றமும்' என்று போட்டுக்கொண்டார்கள். சுமார் 900 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள். வாக்குறுதி வேறு, பணம் வேறு. அதில் கணிசமானது கடன் என்பதும் வேறு. அதே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் மத்திய அமெரிக்காவுக்கும் கரீபியனுக்குமாக 62.1 கோடி டாலர் ஒதுக்கியது. 2001 முடிவதற்குள் செலவழித்துவிட வேண்டும் என்பது கெடு. பாலம் எழுந்தது, சாலை வந்தது, குடிநீர் வந்தது. இல்லையென்று பொய் சொல்லக் கூடாது. ஆனால் நிலம் யார் கையில் என்கிற விவகாரத்தை இரண்டரை வருஷத்தில் முடித்துத் தணிக்கைக்காரருக்கு ரசீது காட்ட முடியுமா என்ன? எதைக் கட்டுவது என்பதைக் கெடுவே தீர்மானித்துவிட்டது.

கடன் கொடுத்தவர்களுக்கோ அவசரமே இல்லை. பாரிஸ் கிளப் நாடுகள் தவணையை 2001 வரை தள்ளிவைத்தன. தள்ளுபடி அல்ல, தள்ளிவைப்பு. பெருங்கடன்பட்ட ஏழை நாடுகளுக்கான நிவாரணத் திட்டத்தில் நிகராகுவா தேறியது 2004-ல், ஹோண்டுராஸ் 2005-ல். அதுவரை சர்வதேச நிதியத்தின் நிபந்தனைகளைப் பரீட்சை மாதிரி எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுருக்காக நடந்ததும் ஒன்று உண்டு. புயல் ஓய்ந்த ஒரே மாதத்தில், நவம்பர் முடியும்போதே, அந்நிய முதலீட்டுக்குக் கதவைத் திறந்துவிட்ட சுரங்கச் சட்டத்தை ஹோண்டுராஸ் காங்கிரஸ் நிறைவேற்றியது. அதன் பல பிரிவுகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2006 ஆயிற்று.

கியூபா மருத்துவர்களை அனுப்பியது. 1999-ல் ஹவானாவில் லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளியைத் திறந்து, இந்நாட்டுப் பிள்ளைகளை இலவசமாகப் படிக்கவைத்தது. அதற்கும் ராஜதந்திரக் கணக்கு இருந்தது, புனிதப்படுத்த வேண்டியதில்லை. படிப்பு ஆறு வருஷம். முதல் அணி பட்டம் வாங்கியது 2005-ல். அப்போது அமெரிக்கப் பணத்தின் கெடு கழிந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.