புதிய உறுப்பும் பழைய சுக்கானும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக மேற்கு நோக்கிச் சென்று, அல்லைப்பிட்டியையும் வேலணையையும் கடந்து, இருமருங்கும் கடல் சூழ்ந்த வாணர் தாம்போதியில் ஏறினால் புங்குடுதீவை அடையலாம். அப்பாலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலேதான் நயினாதீவுக்குச் செல்வோர் படகேறுவர். இவ்வழியே காரோட்டும் ஒருவருக்குச் சுக்கான் சற்றே பிசகினும் ஒதுங்குவதற்கு வயலுமில்லை, வேலியுமில்லை.

சுக்கான் என்னும் சொல் மரக்கலத்துக்கு உரியது. அதனையே நம்மவர் காருக்கும் வழங்கினர். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. வத்தையின் சுக்கான் ஒரே பலகை. காரிலே திரும்ப வேண்டியவை இரண்டு சக்கரங்கள். வளைவிலே உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடவேண்டியிருப்பதால், உட்புறச் சக்கரம் சற்று மிகுதியாகத் திரும்பியாகவேண்டும். குதிரை வண்டிக் காலத்திலேயே இச்சிக்கல் உணரப்பட்டது. மியூனிச் நகரத்து வண்டி செய்வோரான லாங்கன்ஸ்பெர்கர் கண்ட உபாயத்துக்கு, அவர் சார்பில் ருடொல்ஃப் அக்கர்மன் 1818ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். கண்டவர் ஒருவர், பெயர் நிலைத்தது மற்றவருக்கு. கைத்தொழில் வரலாற்றில் இது புதுமையன்று. சக்கரந்தோறும் தனித்தனிச் சுழலாணி வைத்து, அவற்றின் கைகளைக் கோணம் அமைத்துக் கம்பியால் இணைப்பதே அந்த உபாயம். இன்றுவரை கார்களின் சுக்கானுக்கு அடிப்படை இதுவே.

யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த மொறிஸ் மைனர் கார் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். முன் சக்கரங்களுக்கு வில்லுக்குப் பதிலாக நீண்ட முறுக்குக் கம்பிகளை வைத்தார். சுக்கானுக்குப் பற்சட்டமும் பற்சக்கரமும் பொருத்தினார். அக்காலத்து ஒஸ்டின் கார்களின் சுக்கான் பெட்டியோடு ஒப்பிட்டால் இதிலே இணைப்புகள் குறைவு. கையசைவு உடனே சக்கரத்துக்குச் செல்லும். 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன.

இலங்கையில் 1960களில் தொடங்கி 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால், வந்த கார்களைப் பேணுவதன்றி வேறு வழியில்லை. பின்னர் போர் வந்தது. 1990ஆம் ஆண்டுக்குப் பின் வடக்குக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டன. மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்டினையும் மொறிஸையும் அக்காலத்தவர் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு காரின் உறுப்பை மற்றொன்றில் மாட்டியும், கடைசற் பட்டறையிலே புதிதாகக் கடைந்தும் கராச்சுக்காரர் அவற்றை ஓடவைத்தனர். 1991ஆம் ஆண்டில் புங்குடுதீவு மக்களே ஊரைவிட்டுப் பெயர்ந்தனர்.

இவ்வாறு கலந்துகட்டிய கார்களில்தான் சுக்கான் நோய் பெரிதும் தோன்றுகிறது. பழைய உறுப்பைக் கழற்றிப் புதியதை மாட்டிய மறுநாளே கார் ஒருபுறம் இழுக்கும். அல்லது வளைவிலிருந்து சுக்கான் தானாக மீளாது. உடனே உரிமையாளர் புதிய உறுப்பைப் பழிப்பார். பெரும்பாலும் உறுப்பிலே குற்றமில்லை. அக்கர்மன் கணக்கு கலைந்திருக்கும்.

முதலில் ரயர்களின் காற்றைச் சமமாக்கவேண்டும். சிறிது தூரம் ஓட்டியபின் ஒரு முன்சக்கரம் மட்டும் சூடேறியிருந்தால், குற்றம் பிறேக்கிலே இருக்கிறது, சுக்கானைத் தொடவேண்டியதில்லை. இழுவை பின்னும் நீங்காவிடில், முறுக்குக் கம்பிகள் இடம் வலம் மாறி மாட்டப்பட்டனவோ என்று பார்க்கவேண்டும். ஒருபக்கம் முறுகிப் பழகிய கம்பி மறுபக்கத்துக்கு ஆகாது; மாட்டினால் காரின் ஒருபுறம் தாழும்.

இணைப்புக் கம்பியின் முனையை மாற்றும்போது, பழையது எத்தனை சுற்றில் கழன்றதென்று எண்ணிக்கொள்ளும் மெக்கானிக் அரைப்பங்கு வேலையை முடித்துவிடுகிறார். இடக்கம்பியும் வலக்கம்பியும் நீளத்தில் ஒவ்வாவிடில், நேரே ஓடும்போது கோளாறு தெரியாமற் போகலாம். வளைவிலே ஒருபுறம் அதிகமாகவும் மறுபுறம் குறைவாகவும் திரும்பும். பற்சட்டத்தை நடுவில் நிறுத்தியபின்னரே கம்பிகளைச் சரிசெய்யவேண்டும். மைனரில் முன்சக்கரங்கள் முன்புறத்தில் 3/32 அங்குலம் உள்நோக்கி நிற்கவேண்டும். இதற்குப் பெரிய கருவி வேண்டா. சக்கர நடுவின் உயரத்தில், பின்புறத்திலே இரு சக்கர விளிம்புகளிலும் சோக்கட்டியால் குறியிட்டு இடைவெளியை அளக்கவேண்டும். பின்பு காரை அரைச்சுற்று முன்தள்ளி, முன்புறம் வந்த அதே குறிகளுக்கிடையே மீண்டும் அளந்தால் வேறுபாடு தெரியும். குறிகளை மாற்றி அளந்தால் விளிம்பின் கோணல் கணக்கிலே புகுந்துவிடும்.

சுக்கான் தானாக மீளாமை வேறு நோய். சுழலாணி 3 பாகை பின்சாய்ந்து நிற்பதனாலேயே சக்கரம் நேர்நிலைக்குத் திரும்புகிறது. புதிய சுழலாணி இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் அச்சாய்வு பயன்படாது. முன்சக்கரங்களை உயர்த்திவிட்டுக் கையாற் சுக்கானைத் திருப்பிப் பார்த்தால் இறுக்கம் வெளிப்படும். இறப்பர்ப் பூண்களைக் கார் நிலத்தில் நின்று தன் பாரத்தைத் தாங்கும்போதே கடைசியாக இறுக்கவேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் இறப்பர் முறுகி, நிலத்தில் இறக்கியதும் காரின் உயரத்தையும் சக்கர நிலையையும் கெடுக்கும்.

இவை யாவினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. மைனரின் சுழலாணி இரு நுனிகளிலும் திருகுப்புரி கொண்டு உலோகக் கூடுகளில் அமர்ந்திருக்கிறது; இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனி ஆணிகள். கிறீஸ் வற்றினால் புரி தேய்ந்து, ஒருநாள் ஆணி கழன்று சக்கரம் மடிந்துவிடும். கடற்காற்றும் தாம்போதியில் தெறிக்கும் உப்புநீரும் இத்தேய்வை விரைவுபடுத்தும். புதிய சுழலாணி மாட்டியவர் முதற் சில நூறு மைலுக்குள்ளேயே மீண்டும் கிறீஸ் ஏற்றிப் பழையது வெளியேறுமாறு செய்து, முனைப்பூட்டு மரைகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தபின்னரே குறிகட்டுவானுக்குப் புறப்படலாம்.