அரசின் முதற்சொல்: மெல்பனிலும் திருவள்ளூரிலும் வெளியார் மீதான தாக்குதல்கள்

2025 டிசம்பர் 27 அன்று சென்னையிலிருந்து திருத்தணிக்குச் சென்ற புறநகர் ரயிலில், 17 வயதுச் சிறுவர்கள் நால்வர் வடமாநிலத் தொழிலாளி ஒருவரின் கழுத்தருகே அரிவாளை நீட்டிக் கைப்பேசியில் படம் பிடித்தனர். திருத்தணியில் இறங்கியபின் ரயில் நிலையத்துக்கு அருகே அவரைக் கொண்டுபோய் வெட்டினர். அதையும் படம் பிடித்து ரீல்ஸாக வெளியிட்டனர். வெட்டுப்பட்டவர் உயிர் பிழைத்தார், நால்வரும் பிடிபட்டனர். அடுத்த சில நாட்களில் விவாதம் முழுவதும் ஒற்றைக் கேள்வியில் போய் நின்றது: வடமாநிலத்தவர் என்பதற்காகவே வெட்டினார்களா, இல்லை போதையும் ரீல்ஸ் மோகமும் செய்த வேலையா? வெளிமாநிலத்தவர் என்பதற்காக நடந்ததல்ல என்பது காவல்துறையின் நிலைப்பாடாக இருந்தது.

இந்த வாக்கியத்தை இந்தியர்கள் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறார்கள், ஆங்கிலத்தில். 2009இல் ஆஸ்திரேலியாவின் மெல்பன் நகரில் இந்திய மாணவர்கள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டபோது, விக்டோரியா மாநிலக் காவல்துறை அவற்றைச் சந்தர்ப்பம் பார்த்துச் செய்யப்படும் வழிப்பறிகள் என்றது. மடிக்கணினியையும் ஐபாடையும் வெளியே காட்ட வேண்டாம், ரயிலில் தாய்மொழியில் உரக்கப் பேச வேண்டாம் என்று மாணவர்களுக்கு அறிவுரையும் சொன்னது. மே 31 அன்று ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கி, ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்தின் முன் அமர்ந்தனர். குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தரவிருந்த கௌரவ டாக்டர் பட்டத்தை அமிதாப் பச்சன் ஏற்க மறுத்தார். ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சர் எஸ்.எம்.கிருஷ்ணா ஆஸ்திரேலியா சென்றார். இத்தனைக்கும் பிறகு, 2010 ஜனவரியில், இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த 21 வயது இந்தியப் பட்டதாரி ஒருவர் மெல்பனின் மேற்குப் புறநகர்ப் பூங்காவில் குத்திக் கொல்லப்பட்டார்.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்து நான் வாதிட விரும்புவது இதுதான். ஊர்விட்டு வந்தவர் தாக்கப்படும்போது அரசு உதிர்க்கும் முதற்சொல், பின்னால் வரும் விசாரணை, இழப்பீடு, வதந்தி ஆகிய மூன்றின் போக்கையும் பெருமளவு நிர்ணயித்துவிடுகிறது. அந்த முதற்சொல்லை ஓர் அதிகாரியின் ஊகத்துக்கு விட்டுவிடாமல் ஒரு நடைமுறைக்குள் கொண்டுவர வேண்டும். இந்தியர்கள் தாக்கப்படும்போது கான்பெராவிடமும் டப்ளினிடமும் நாம் கேட்பது இதைத்தான். திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் நாம் இன்னும் செய்யாததும் இதுதான்.

நோக்கமா, இடமா?

மெல்பன் தாக்குதல்களைத் தொடர்ந்து ஆஸ்திரேலியக் குற்றவியல் நிறுவனம் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஐந்து நாடுகளிலிருந்து வந்த மாணவர்களின் விசாப் பதிவுகளை, 2005 முதல் 2009 வரையிலான காவல்துறைப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு அது. அடிதடிக்கு ஆளான இந்திய மாணவர்களின் விகிதம் பொதுமக்கள் விகிதத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருந்தது; வழிப்பறிக்கு ஆளான இந்திய ஆண் மாணவர்களின் விகிதம் கூடுதலாக இருந்தது. இரவு நேரக் கடைகள், பெட்ரோல் நிலையங்கள், டாக்ஸி, பின்னிரவு ரயில் ஆகியவற்றில் அவர்கள் அதிகம் புழங்கியது இதற்குக் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. இனவெறி இல்லை என்பதற்கு இந்த ஆய்வையே ஆதாரமாகக் காட்டியவர்கள் உண்டு. ஆனால், நோக்கத்தைப் பற்றி அந்த ஆய்வால் முடிவு சொல்ல இயலவில்லை. அது எடுத்துக்கொண்ட காவல்துறைப் பதிவுகளில் நோக்கம் எழுதப்படவில்லை. எழுதப்படாததை எண்ணவும் முடியாது, இல்லை என்று நிறுவவும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. வெறுப்பால் அடித்தார்களா, கிடைத்த இடத்தில் அடித்தார்களா என்று இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதே பிழை. அன்று தாக்கப்பட்டவர்களில் பலர் சமையல், சிகையலங்காரம் போன்ற தொழிற்படிப்புகளுக்குக் கடன்பட்டுப் போனவர்கள். நகரின் மலிவான புறநகரில் தங்கி, உள்ளூரார் ஒதுக்கிய இரவு வேலையைச் செய்து, கடைசி ரயிலில் திரும்பியவர்கள். அந்த இடத்துக்கு அவர்களைத் தள்ளியது குடிவரவு விதியும் கூலிச் சந்தையும். அடிக்க வந்தவன் மனதில் வெறுப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இவனை அடித்தால் கேட்க ஆள் வராது என்ற கணக்கு அவனிடம் இருந்தது. அந்தக் கணக்கு தாக்கப்பட்டவரின் நிறத்தையும் மொழியையும் பார்த்துப் போடப்பட்டது. திருத்தணி ரயிலில் அந்தச் சிறுவர்களின் மனதில் என்ன இருந்தது என்பதை இளைஞர் நீதிக்குழுமம் ஆராயட்டும். அதைத் தீர்மானிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால், ஒரு பெட்டிப் பயணிகளில் யாரைத் தேர்ந்தார்கள் என்ற கேள்வியை விசாரணை அதிகாரி கேட்டுப் பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்க வேண்டும். இன்று அப்படி ஒரு கடமை இல்லை.

கும்மிடிப்பூண்டிப் பாதை

மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று போகும் புறநகர் ரயிலில் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஏறிப் பார்ப்பவருக்கு அந்த ஆஸ்திரேலிய ஆய்வு அந்நியமாகத் தோன்றாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்கு உலைகளிலும் ரோலிங் மில்களிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். தேர்வாய்க்கண்டிகை, எண்ணூர், காட்டுப்பள்ளி வரை இதே நிலைதான். அவர்களைக் கொண்டுவருபவர் கான்ட்ராக்டர். தங்குவது ஆலையை ஒட்டிய ஷெட்டிலோ லைன் வீட்டிலோ. ஊருக்குள் அவர்களுக்குப் பெயர் கிடையாது, எல்லோரும் "வடக்கன்". இந்தச் சொல்லைக் கேட்கும்போது 1960களின் பம்பாயில் நம்மவர் எல்லோரையும் குறித்த "மதராஸி" என்ற சொல் எனக்கு நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

2025ஆம் ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கொடுமையானதாக இருந்தது. ஜூலையில் ஆரம்பாக்கம் அருகே பள்ளிவிட்டு வந்த சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். கைதானவர் வெளிமாநிலத்தவர் என்று தெரிந்ததும் சந்தேகம் ஒருவரோடு நிற்காமல் எல்லா வெளிமாநிலத்தவர் மீதும் விழுந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத் தொழிலாளி ஒருவர் தங்குமிடத்தில் விழுந்து இறந்தார்; இழப்பீடு கேட்ட கூட்டம் கல்வீச்சிலும் கண்ணீர்ப்புகையிலும் கைதுகளிலும் முடிந்தது. செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டனர், பெரும்பாலோர் அசாம்காரர்கள். டிசம்பரில் திருத்தணி. இந்நான்கும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் நான்கிலும் அரசு இந்த மக்களைச் சந்தித்தது காவல் நிலையம், மருத்துவமனை, பிணவறை ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே.

ஒரு குற்றம் நடந்ததும் "எல்லா வெளிமாநிலத்தவரின் ஆதார் நகலையும் ஸ்டேஷனில் வாங்கி வையுங்கள்" என்ற கோரிக்கை எழுகிறது. பதிவேடு தேவைதான். அதை யார் வைத்திருக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் பதிவு செய்யவும் தொழிலாளிக்குப் பாஸ்புத்தகம் தரவும் பயணப்படி கொடுக்கவும் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தாமாக வந்து வேலை தேடிக்கொண்டவரையும் இது இடம்பெயர் தொழிலாளி என்று ஏற்பது நல்ல மாற்றம். ஆனால் 5 பேரை வைத்திருந்த ஒப்பந்ததாரரையே கட்டுப்படுத்திய பழைய வரம்பு இப்போது 10 ஆகிவிட்டது. தொழிலாளர் துறையின் பதிவேட்டில் உள்ள பெயர் உரிமைக்குச் சான்று. காவல் நிலையக் கோப்பில் மட்டும் உள்ள பெயர் சந்தேகத்துக்குச் சான்று. தாக்கப்பட்டவர் புகார் கொடுக்க எந்த வாசலை மிதிப்பார் என்பது இதைப் பொறுத்தது.

2023இன் பாடம்

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் கொல்லப்படுகிறார்கள் என்ற பொய்ச் செய்தி காணொளிகளோடு பரவியது. தமிழக அரசு விரைந்து செயல்பட்டது. அதை மனமாரப் பாராட்ட வேண்டும். காணொளிகளில் ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள் நடந்த மோதல், இன்னொன்று உள்ளூர்த் தகராறு என்று காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திரபாபு விளக்கினார். முதல்வர் ஸ்டாலின், பீகார் முதல்வராக இருந்த நிதிஷ்குமாரிடம் தொலைபேசியில் பேசினார். பீகாரிலிருந்து 4 அதிகாரிகள் கொண்ட குழு வந்தது. பொய்யைப் பரப்பிய யூடியூபர் ஒருவர் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார். இந்தக் கடைசி நடவடிக்கை மிகை என்பது என் கருத்து. வதந்திக்குத் தடுப்புக் காவல் மருந்தல்ல.

அன்று அரசிடம் இல்லாமல் போனது ஓர் எண். கடந்த ஆண்டில் வெளிமாநிலத்தவர் புகார்தாரராக உள்ள தாக்குதல் வழக்குகள் எத்தனை, அவற்றில் குற்றப்பத்திரிகை போனவை எத்தனை என்று மாவட்டவாரியாக ஒரு பட்டியல் ஆண்டுதோறும் வெளியாகியிருந்தால், பாட்னாவில் பதறிய ஒரு தாய்க்கு அதுவே பதிலாகியிருக்கும். பொய்க் காணொளியைப் பொய் என்று நிறுவுவது அந்தக் காணொளியை மட்டுமே வெல்லும், அடுத்ததை வெல்லாது. நோக்கத்தைப் பதிவு செய்தால் மாநிலத்தின் பெயர் கெடும் என்று அதிகாரிகள் அஞ்சுகிறார்கள். பதிவு இல்லாததால்தான் பெயர் கெட்டது என்பதை 2023 காட்டியது.

சட்டத்தின் ஐந்தாவது ஆள்

2014 ஜனவரியில் டெல்லி லாஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டபின் அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு, இன அடிப்படையிலான இழிவையும் தாக்குதலையும் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இரண்டு புதிய பிரிவுகளைப் பரிந்துரைத்தது. அவை சேர்க்கப்படவே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2), 117(4) ஆகிய பிரிவுகள் இனம், சாதி, பிறந்த இடம், மொழி முதலிய காரணங்களுக்காகச் செய்யப்படும் கொலையையும் கொடுங்காயத்தையும் தனியே குறிப்பிடுகின்றன. பிறந்த இடமும் மொழியும் சட்டத்தில் ஏறியது சிறிய செய்தியல்ல. ஆனால் செய்தவர்கள் ஐவராகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். திருத்தணியில் நால்வர். அவர்கள் வயதுவந்தவர்களாக இருந்திருந்தாலும், வெறுப்பு நிரூபணமானாலும், இந்தப் பிரிவு தொட்டிருக்காது. கும்பல் கொலையை மனதில் வைத்து எழுதிய சட்டம் வெறுப்பைக் கும்பலின் குணமாக மட்டும் பார்க்கிறது. மெல்பனுக்குப் பிறகு விக்டோரியா மாநிலம் 2009இல் தன் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது இப்படி ஆள் எண்ணவில்லை. வெறுப்பு நோக்கத்தைத் தண்டனை விதிக்கையில் நீதிபதி கருத வேண்டும் என்று மட்டும் சொன்னது.

தண்டனையைக் கூட்டுவதைவிட விசாரணையை மாற்றுவதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதற்கு வெளிநாட்டு முன்மாதிரி ஒன்றும் உண்டு, நம் வீட்டு முன்மாதிரி ஒன்றும் உண்டு. லண்டனில் கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் கொலை விசாரணை சீர்குலைந்ததை ஆராய்ந்த மெக்ஃபெர்சன் அறிக்கை, பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ இனவெறி என்று கருதும் நிகழ்வை இனவெறி நிகழ்வு என்றே பதிய வேண்டும் என்று 1999இல் சொன்னது. இது தீர்ப்பல்ல, பதிவு. நிரூபணம் வழக்கம்போல் நீதிமன்றத்தில். நம்மிடமோ 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சாதித் தாக்குதலைக் "குடிபோதைத் தகராறு" என்று எழுதி மூடிய காவல் நிலையங்களைக் கண்டே அச்சட்டமும் 1995ஆம் ஆண்டு விதிகளும் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் விசாரணை, கட்டம் கட்டமான இழப்பீடு ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. பின்னர் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சாட்சிகளின் உரிமைகளையும் சேர்த்தது. அச்சட்டம் பட்டியல் இனத்தவருக்குத் தரும் பாதுகாப்பை நீர்த்துப்போகச் செய்யாமல், அதன் விசாரணை முறையை மட்டும் மாநில அரசு நிர்வாக ஆணையால் இவ்வழக்குகளுக்கு விரிக்கலாம். "தகராறு" என்ற சொல் எதை மறைக்கும் என்று தமிழ்நாட்டுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அனுப்பிய அரசும் ஏற்ற அரசும்

மாநிலங்களுக்கிடையேயான இடம்பெயர்வு அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 81ஆவது இனம்; காவலும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் முதலிரண்டு இனங்கள். மக்களை நகர விடுவது டெல்லியின் பொறுப்பு, நகர்ந்தவரைக் காப்பது வேறொருவர் பொறுப்பு என்ற இந்தப் பிளவை இணைக்க அமைப்பு வேண்டும். 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புச் சட்டம் உருவாக்கிய மண்டலக் குழுக்கள் இதற்கு உதவா. தமிழ்நாடு தென்மண்டலத்தில், பீகாரும் ஒடிசாவும் கிழக்கு மண்டலத்தில். ஆகவேதான் 2023இல் ஒரு தொலைபேசி அழைப்பையும் அவசரக் குழுவையும் நம்ப வேண்டியிருந்தது. நாடுகளுக்கிடையே தூதரகம் செய்யும் வேலையைச் செய்ய, புவனேஸ்வரத்துக்கும் பாட்னாவுக்கும் குவாஹாட்டிக்கும் சென்னையில் நிலையான தொழிலாளர் அதிகாரிகள் இருந்தாக வேண்டும்.

தூதரகம் என்றதும் ஓர் எச்சரிக்கை. 2025 ஜூலையில் டப்ளின் புறநகர் டாலாவில் இந்தியர் ஒருவர் தாக்கப்பட்டபின், ஆளரவமற்ற இடங்களை, குறிப்பாக அகால வேளையில், தவிர்க்கும்படி இந்தியத் தூதரகம் அறிவுறுத்தியது. அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அகால வேளையில் வேலை பார்ப்பவருக்கு இதனால் என்ன பயன்? மெல்பன் காவல்துறை மாணவர்களிடம் சொன்னதை நம் தூதரகமே வேறு சொற்களில் சொல்லும்போது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்கும் வலுவை நாமே இழக்கிறோம். சிப்காட்டில் கேட்க வேண்டியதும் இதுதான்: ஷிப்ட் முடிந்தவர் தங்குமிடம் சேரும் வரை ஆலை வாகனம் ஏற்றிப்போகிறதா? சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறதா, ஞாயிற்றுக்கிழமை சட்டைப்பையில் கனக்கிறதா?

கும்மிடிப்பூண்டிக்கு இன்னொரு முகமும் உண்டு. இனத்தின் பெயரால் துரத்தப்பட்டு வந்த ஈழத்தமிழர்களின் பெரிய முகாம்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. அவர்களையும் வெளிநாடுவாழ் தமிழர்களையும் ஒரே ஆணையரகம் கவனிக்கிறது. போனவரும் புகலிடம் தேடி வந்தவரும் ஒரு கூரையின் கீழ் வந்தது நல்ல யோசனை. பிழைக்க வந்த ஒடியரை அந்தக் கூரைக்குள் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை.

உடனே செய்யக்கூடிய ஒன்றில் வந்து நிற்கிறேன். தாக்கப்பட்ட வெளிமாநிலத் தொழிலாளி பெரும்பாலும் காயம் ஆறுமுன் ஊருக்கு ரயிலேறிவிடுவார். வழக்கு அங்கேயே நொண்டத் தொடங்கும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதியலாம் என்கிறது. 530ஆவது பிரிவு சாட்சியத்தை மின்னணு வழியில் பெற இடம் தருகிறது. ஆக, ஒடிசாவின் கஞ்சம் மாவட்டக் காவல் நிலையம் ஒன்றில் ஒடியாவில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கை கும்மிடிப்பூண்டி சிப்காட் காவல் நிலையத்தை வந்தடைய முடியும். வந்தடைந்த அன்று அதை வாசிக்க அங்கே ஒருவர் இருக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒடியா, இந்தி, அசாமி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் மூவரை நியமிக்க நாடாளுமன்றம் கூட வேண்டாம். உள்துறையின் அரசாணை ஒன்று போதும்.